கேரேஜில் அரைத்த கவசக் கல்

மூன்றாவது முயற்சியில்தான் சீவல் நின்றது. முதல் துண்டு ரம்பத்தின் கீழேயே உதிர்ந்துவிட்டது. இரண்டாவதை ஒரு பக்கமாகவே தேய்த்துத் தேய்த்துக் காணாமல் போக்கிவிட்டேன். இப்போது கண்ணாடிச் சில்லில் ஒட்டியிருப்பது 0.03 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பாறைப் படலம். ஆஸ்திரேலியாவின் மேற்கு விக்டோரியாவுக்கு அடியில், மேலோட்டையும் தாண்டி, அதற்குக் கீழே இருக்கும் புவிக்கவசம் என்ற தடித்த பாறை அடுக்கின் மேல்பகுதியில் கிடந்த கல் அது. அங்கே அதற்கு என்ன நேர்ந்தது என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று நான்கு மாதத்துச் சனி ஞாயிறுகளைக் கொடுத்தேன். சரியாக வந்ததையும் வராததையும் சேர்த்தே எழுதுகிறேன். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சரியாக வராததுதான் அதிகம் பயன்படும்.

கல் கிடைத்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மெல்போர்னிலிருந்து தென்மேற்கே சுமார் 190 கிலோமீட்டர் போனால் கேம்பர்டவுன். ஊரை ஒட்டி புல்லன்மெர்ரி, நோட்டுக் என்று இரண்டு ஏரிகள். இரண்டுமே எரிமலை வெடித்த பள்ளங்கள். மேலேறி வந்த எரிகுழம்பு நிலத்தடி நீரைத் தொட்டதும் நீராவியாக வெடித்து, தரையைக் குடைந்துவிட்டுப் போன குழிகள் அவை. இந்த வட்டாரம் முழுவதும் 400-க்கும் மேற்பட்ட எரிமலை வாய்கள் உண்டு. சுமார் 45 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வெடிப்புகள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புவரை நடந்திருக்கின்றன. இங்கே வந்த எரிகுழம்பு வேகமாக வந்திருக்கிறது. வரும் வழியில் கவசத்தின் சுவரிலிருந்து பெயர்த்த கற்களை கரைக்கவும் நேரமில்லாமல், கீழே தவறவிடவும் நேரமில்லாமல், அப்படியே மேலே கொண்டு வந்து வீசியிருக்கிறது. அப்படி வந்த கல்லுக்குத்தான் செனோலித் என்று பெயர். கிரேக்க மொழியில் அந்நியக் கல் என்று பொருள்.

என்னிடம் இரண்டு கற்கள். ஒன்று, ஒரு எரிமலைக் குன்றின் குவாரியில் சரளைக் குவியலில் பொறுக்கியது. இன்னொன்று ஏரிக்கரைப் பக்கத்துப் பால் பண்ணை ஒன்றில், எரிசாம்பல் படிவு வெட்டுப்பட்ட இடத்தில் எடுத்தது. இரண்டையும் நிலத்துக்காரர்களைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். இரண்டும் கைக்குள் அடங்கும் அளவு, வெளியே கருப்புத் தோல். உடைத்தால் உள்ளே பச்சை. கற்கண்டை ஒன்றிரண்டாகப் பொடித்து, பச்சைச் சாயம் ஏற்றி, அழுத்திப் பிடித்து வைத்த மாதிரி இருக்கும். குவாரிக் கல்லை ‘அ’ என்றும் பண்ணைக் கல்லை ‘ஆ’ என்றும் சொல்கிறேன்.

அறுப்பதற்கு முன் எடை பார்த்தேன். கருப்புத் தோலை உளியால் தட்டி எடுத்துவிட்டு, சமையலறைத் தராசில் ஒரு தடவை, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு தடவை. ‘அ’ காற்றில் 412 கிராம், நீரில் 287. வித்தியாசம் 125. ஆக அடர்த்தி 3.3. ‘ஆ’ காற்றில் 356, நீரில் 247. அடர்த்தி 3.27. சாதாரண கிரானைட் 2.7-க்குள் நின்றுவிடும். இந்தக் கல்லைத் தூக்கும்போதே கை அதை உணர்கிறது. சுமந்து வந்த எரிகுழம்பைவிடவும் கனமான கல் இது. குழம்பு மெதுவாக ஏறியிருந்தால் கல் அதற்குள் மூழ்கிக் கீழேயே போயிருக்கும். மணிக்கணக்கிலோ சில நாட்களிலோ மேலே வந்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கு இந்தக் கனமும் ஒரு காரணம்.

இனி அறுப்பு. வைரத்தூள் பதித்த சிறிய ரம்பம், அடியில் தண்ணீர்த் தொட்டி. ‘ஆ’வை நேரடியாக ரம்பத்துக்குக் கொடுத்தது என் முதல் தவறு. பாதி அறுபடுவதற்குள் கனிம மணிகள் பிரிந்து தொட்டிக்குள் பச்சை மணலாக விழுந்தன. இந்தக் கற்களில் மணிக்கும் மணிக்கும் இடையே ஒட்டும் பசை என்று எதுவும் கிடையாது. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றவை, மேலே வந்து அழுத்தம் போனதும் தளர்ந்துவிட்டன. அதனால் அறுப்பதற்கு முன்பே எப்பாக்சி ஊட்ட வேண்டும். தண்ணீர் மாதிரி ஓடுகிற மெல்லிய எப்பாக்சி வாங்கி, கல்லை அதில் மூழ்கவைத்து, பழைய பிரஷர் குக்கருக்கு ஒரு கைப்பம்பு பொருத்திக் காற்றை உறிஞ்சினேன். கல்லிலிருந்து குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. அவை நின்றதும் காற்றைத் திறந்துவிட்டால், வெளிக்காற்றின் அழுத்தம் எப்பாக்சியை விரிசல்களுக்குள் தள்ளிவிடும். ஒரு நாள் முழுக்க வெதுவெதுப்பான இடத்தில் வைத்திருந்து மறுநாள் அறுத்தேன். எட்டு மில்லிமீட்டர் கனத்தில் பலகை மாதிரி வந்தது.

பிறகு அரைப்பு. சிலிக்கன் கார்பைடு பொடியில் 220, 400, 600, 1000 என்று நான்கு நம்பர்கள். தடித்த கண்ணாடிப் பலகையில் பொடியைத் தூவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, கல்லை எட்டுப் போடுகிற மாதிரி நகர்த்த வேண்டும். ஒரு நம்பரிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கல், கை, பலகை எல்லாவற்றையும் கழுவ வேண்டும். முதல் நம்பரின் ஒரே ஒரு பருக்கை தங்கிவிட்டாலும் கடைசி முகத்தில் நீளக் கீறல் விழும். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதைக் காது சொல்லும். 220-ல் கரகரவென்று அம்மியில் உப்பு அரைபடுகிற சத்தம். 600-ல் சர்சர் என்று இழுக்கும். 1000-ல் சத்தமே இருக்காது, கண்ணாடி கல்லைப் பிடித்து உறிஞ்சுகிற உணர்வு மட்டும் விரலுக்குத் தெரியும்.

அரைத்த முகத்தைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டுவதுதான் எல்லாவற்றிலும் நுட்பமான வேலை. சில்லையும் 600-ல் லேசாகத் தேய்த்து மங்கலாக்க வேண்டும், அப்போதுதான் பிடிப்பு. கல்லையும் சில்லையும் 50 டிகிரி போலச் சூடுபடுத்தி, எப்பாக்சி ஒரு சொட்டு விட்டு, கல்லை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து மெல்ல இறக்கினால் காற்றுக் குமிழி எதிர் ஓரமாக வெளியேறிவிடும். அவசரப்பட்டு நேராக வைத்தால் குமிழி நடுவில் மாட்டிக்கொள்ளும், கடைசியில் அந்த இடத்தில் கல் பெயர்ந்து ஓட்டை விழும். ஒட்டிய பிறகு ஒரு மில்லிமீட்டர் விட்டு மீதியை அறுத்துத் தள்ளிவிட்டு, மறுபடியும் அரைப்பு. அந்த ஒரு மில்லிமீட்டரை 0.03-க்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது சீவல் போனது இந்த இடத்தில்தான். என் வலது கை கட்டைவிரல் பக்கமே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பக்கம் சரியாக வந்தபோது எதிர்ப்பக்கம் வெறும் கண்ணாடி. அதன் பிறகு இருபது சுற்றுக்கு ஒரு தடவை சில்லைத் திருப்பிப் பிடிக்கிற பழக்கம் வந்தது.

0.03 மில்லிமீட்டர் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? நிறம் சொல்லும். பள்ளிக்கூட உயிரியல் நுண்ணோக்கி ஒன்றை வாங்கி, மேடைக்கு அடியில், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற ஒரு போலராய்டு படலமும் கண்வில்லைக்குக் கீழே அதற்குக் குறுக்காக இன்னொன்றும் வைத்தேன். சீவலைச் சுழற்ற ஒரு பழைய பேரிங்கின் மேல் அக்ரிலிக் வட்டு. இரண்டு படலங்களும் குறுக்கே நிற்கும்போது வெறும் கண்ணாடி இருட்டாகத் தெரியும், படிகங்கள் மட்டும் வண்ணத்தில் ஒளிரும். அந்த வண்ணம் கனிமத்தையும் கனத்தையும் பொறுத்தது. இந்தக் கற்களில் குவார்ட்ஸ் இல்லை, அதனால் எனக்கு அளவுகோல் என்ஸ்டடைட், பைராக்சீன் என்ற கனிம வகையைச் சேர்ந்தது. சீவல் 0.08 மில்லிமீட்டராக இருக்கும்போது அது நீலமும் பச்சையுமாகத் தெரிந்தது. 0.06-க்கு வரும்போது கத்தரிப்பூச் சிவப்பு. இன்னும் தேய்க்கத் தேய்க்க மஞ்சள், கடைசியில் சாம்பல் கலந்த வெள்ளை. அங்கே கையை எடுத்துவிட வேண்டும். அதே கனத்தில், கல்லுக்குப் பச்சை நிறம் தருகிற ஆலிவின் கனிமத்தின் மணிகள் நீலம், பச்சை, ரோஜா என்று பட்டுப்புடவைக் கடை மாதிரி இருக்கும்.

‘அ’ சீவலை முதல் தடவை பார்த்த ராத்திரி வெகுநேரம் கேரேஜிலேயே உட்கார்ந்திருந்தேன். நான்கே கனிமங்கள். பெரும்பகுதி ஆலிவின். அதில் சில மணிகளைச் சுழற்றும்போது முழு மணியும் ஒரே நேரத்தில் இருளாமல், பட்டை பட்டையாக இருண்டது. கவசம் மெல்ல நகர்ந்ததில் படிகம் மடிந்த தழும்பு அது. அடுத்து என்ஸ்டடைட். அப்புறம் குரோமியம் கலந்த டயாப்சைடு, கையில் பார்த்தால் மரகதப் பச்சை, சீவலில் நிறமே இல்லாத மாதிரி வெளிறிய பச்சை. கடைசியாக ஸ்பினெல், டிகாக்‌ஷன் நிறத்தில், மற்ற மணிகளின் சந்துகளில் நெளிந்து கிடந்தது. மூன்று மணிகள் சந்திக்கிற மூலைகளில் பெரும்பாலும் 120 டிகிரிக் கோணம். நெடுங்காலம் சூட்டில் நின்று, ஒன்றுக்கொன்று இடம் கொடுத்துச் சமாதானமான மணிகளிடம் மட்டுமே இந்த ஒழுங்கு வரும். ஸ்பினெல் இருப்பதிலிருந்து ஆழமும் ஓரளவு தெரியும். சுமார் 30 முதல் 60 கிலோமீட்டர். அதைவிட ஆழத்தில் அதன் இடத்தைக் கார்னெட் என்ற கனிமம் எடுத்துக்கொள்ளும்.

ஐநூறு புள்ளிகள் எண்ணினேன். சீவலைச் சம இடைவெளியில் நகர்த்தி, குறுக்குக் கம்பி எந்தக் கனிமத்தின் மேல் நிற்கிறதோ அதற்கு ஒரு கோடு போடுகிற பழைய முறை. ‘அ’வில் ஆலிவின் 62 சதவீதம், என்ஸ்டடைட் 22, டயாப்சைடு 13, ஸ்பினெல் 3. லெர்சோலைட் என்று அழைக்கப்படும் பாறைக்கு இது இயல்பான கணக்கு.

‘ஆ’வுக்குப் போவதற்கு முன், இந்த வட்டாரத்துக் கற்கள் ஏன் இவ்வளவு பேசப்படுகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். நான் இந்த வேலையில் இறங்கியதே அதனால்தான்.

ஃபில்டரில் ஒரு தடவை டிகாக்‌ஷன் இறக்கிய காபித்தூளை நினைத்துக்கொள்ளுங்கள். கவசப் பாறை கொஞ்சம் உருகி, அந்த உருகல் வெளியேறினால், மிச்சப் பாறை அந்தத் தூள் மாதிரிதான். படிகங்களுக்குள் சரியாக உட்காராத தனிமங்கள் முதலில் உருகலோடு போய்விடும். லேந்தனம், சீரியம் போன்ற இலகு அருமண் தனிமங்கள், யுரேனியம், தோரியம் எல்லாம் அந்த வகை. ஆக, எந்தக் கல்லில் கால்சியமும் அலுமினியமும் குறைந்திருக்கிறதோ, அதாவது எது அதிகமாக உருகி வடிந்ததோ, அதில் லேந்தனமும் குறைந்திருக்க வேண்டும். 1974-ல் ஃபிரெட் ஃப்ரே, டேவிட் கிரீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விக்டோரியாவின் செனோலித்துகளை அளந்தபோது கிடைத்தது தலைகீழ். வடிந்துபோன கற்களிலேயே இலகு அருமண் தனிமங்கள் கூடுதலாக இருந்தன. சக்கைத்தூளில் புதுத்தூளைவிட மணம் தூக்கலாக இருக்கிற மாதிரி. அதற்கு அவர்கள் சொன்ன விளக்கம்: கல்லில் இரண்டு வரலாறு இருக்கிறது. ஒன்று உருகி வடிந்த மிச்சம். இன்னொன்று, பிறகு எங்கிருந்தோ ஊடுருவி வந்து அதற்குள் கலந்த ஏதோ ஒரு திரவம். இந்தப் பிற்சேர்க்கைக்குத்தான் மெட்டாசோமாட்டிசம் என்று பெயர். பாறை முழுதாக உருகாமல், உள்ளே புகுந்த திரவத்தாலோ உருகலாலோ அதன் வேதியியல் மாறிப்போவது.

1984-ல் ஜே. பி. டாசன் இதை இரண்டாகப் பிரித்துப் பேசினார். புதுக் கனிமமே வளர்ந்து கண்ணுக்குத் தெரிந்தால் வெளிப்படையானது. கனிமங்கள் அப்படியே இருக்க, அவற்றுக்குள் நுண்தனிமங்கள் மட்டும் மாறியிருந்தால் மறைந்தது. மறைந்ததை என் கேரேஜில் காண வழியே இல்லை. அதற்கு லேசர் வைத்த நிறைமாலைமானி வேண்டும். என் ‘அ’ கல்லிலும் அது நடந்திருக்கலாம், என் நுண்ணோக்கிக்கு அது சுத்தமான கல்தான். நான் தேடியது வெளிப்படையானதை. அதற்கு இந்த ஏரிகளைவிட நல்ல இடம் குறைவு. இங்கே வந்த கற்களில் ஆம்பிபோல், மைக்கா, பாஸ்பேட் கனிமமான அபடைட் என்று பிறகு வளர்ந்த கனிமங்கள் இருப்பதை சூ ஓ’ரைலியும் பில் கிரிஃபினும் 1980-களில் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

‘ஆ’ சீவல் முதல் பார்வையிலேயே வேறு முகம் காட்டியது. சாதாரண வெளிச்சத்தில், போலராய்டு ஒன்றே ஒன்று இருக்கும்போது, வெளிறிய பழுப்பில் சில மணிகள். சீவலைச் சுழற்றினால் பழுப்பு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஆலிவினோ பைராக்சீனோ இப்படிச் செய்யாது. இன்னும் நெருங்கிப் பார்த்தேன். பிளவுக் கோடுகள் இரண்டு திசையில். பைராக்சீனில் இந்தக் கோடுகள் ஏறக்குறைய செங்கோணத்தில் வெட்டும், மைசூர்பாகு வில்லை மாதிரி. இங்கே வெட்டியவை காஜு கத்லி மாதிரிச் சாய்சதுரமாக, 56-ம் 124-ம். ஆம்பிபோலேதான். கவசத்தில் அது பெரும்பாலும் பார்கசைட் வகையாக இருக்கும். அதன் படிகக் கூட்டிலேயே நீர் இருக்கிறது. ‘அ’வில் இருந்த நான்கு கனிமங்களின் கட்டமைப்பில் நீருக்கென்று இடம் கிடையாது. ஆக, ‘ஆ’வுக்குள் நீர் எப்போதோ வந்திருக்கிறது. அந்த ஆம்பிபோல் பெரும்பாலும் ஸ்பினெலைச் சுற்றித்தான் வளர்ந்திருந்தது. நடுவில் காபி நிறத்தில் அரிக்கப்பட்ட ஸ்பினெல் துணுக்கு, சுற்றிலும் பழுப்பு வளையம். ஸ்பினெல் தன் அலுமினியத்தைக் கொடுத்துக் கரைந்துகொண்டிருந்த நேரத்தில் நின்றுபோன படம்.

இதில் ஒரு சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சுமந்து வந்த எரிகுழம்பே வழியில் உள்ளே கசிந்து இதைச் செய்திருந்தால்? அப்படிக் கசிந்ததன் அடையாளமும் என் சீவலில் இருக்கிறது. கருப்புத் தோலை ஒட்டிய ஓரத்தில், மணிகளுக்கு நடுவே பழுப்புக் கண்ணாடி மெல்லிய நரம்பாக ஓடுகிறது. அதைத் தொட்ட டயாப்சைடின் விளிம்பு பஞ்சு மாதிரிப் பொத்துப் போயிருக்கிறது. அது சில மணி நேர வேலை, அவசரம் அப்படியே தெரிகிறது. உள்ளே இருக்கும் ஆம்பிபோலில் அந்த அவசரம் இல்லை. பக்கத்து ஆலிவினோடு நேர்க்கோட்டு எல்லை, மூலையில் 120 டிகிரி. எரிகுழம்பு வருவதற்கு வெகுகாலம் முன்பே அது அங்கே குடியேறியிருக்கிறது.

அதற்கு அடுத்து என்னை நிறுத்தியது என்ஸ்டடைட். ‘ஆ’வில் அதைத் தேட வேண்டியிருந்தது. கிடைத்த மணிகளும் முழுசாக இல்லை. ஒரு மணியை அரை மணி நேரம் பார்த்துப் படம் வரைந்தேன். நடுவில் சாம்பல் நிறத்தில் என்ஸ்டடைட், அதன் ஓரம் குடா குடாவாகக் குடையப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடாவுக்குள்ளும் டயாப்சைடு, அதோடு சின்னச் சின்ன ஆலிவின் மணிகள். ஒரு குடாவின் இரு கரையிலும் இருக்கும் இரண்டு என்ஸ்டடைட் துண்டுகள் ஒரே கோணத்தில் ஒன்றாக இருண்டன. அதாவது ஒரு காலத்தில் ஒரே படிகம், இடையில் இருந்ததை எதுவோ தின்றிருக்கிறது.

எது தின்றது என்பதற்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. 1991-ல் கிரெக் யாக்ஸ்லி, ஆன்டனி கிராஃபர்ட், டேவிட் கிரீன் மூவரும் மேற்கு விக்டோரியச் செனோலித்துகளில் கார்பனடைட் உருகலின் வேலையைக் காட்டினார்கள். கார்பனடைட் என்பது சிலிக்கேட்டுக்குப் பதிலாகக் கார்பனேட்டால் ஆன உருகல். தான்சானியாவின் ஓல் டொயின்யோ லெங்காய் எரிமலையில் இன்றைக்கும் அந்த வகை லாவா கருப்பாக, எண்ணெய் மாதிரி ஓடுகிறது. நம் ஊர்ப்பக்கம் திருப்பத்தூர் அருகே செவத்தூரில் மிகப் பழைய கார்பனடைட் பாறை இருக்கிறது, அங்கேயும் அபடைட் உண்டு. இந்த உருகல் கவசத்தில் மேலேறி என்ஸ்டடைட்டைத் தொட்டால் நடப்பது இது: நான்கு பங்கு என்ஸ்டடைட்டும் ஒரு பங்கு டோலமைட் (கால்சியம், மக்னீசியம் இரண்டும் உள்ள கார்பனேட்) உருகலும் சேர்ந்து, இரண்டு பங்கு ஆலிவின், ஒரு பங்கு டயாப்சைடு, இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு. என்ஸ்டடைட் போகும், டயாப்சைடும் ஆலிவினும் வரும், வாயு வெளியேறும். உருகல் சுமந்து வந்த பாஸ்பரஸ் அபடைட்டாகப் படியும், அருமண் தனிமங்கள் அதிலும் டயாப்சைடிலும் தங்கும். குடாவுக்குள் நான் பார்த்தது இந்தச் சமன்பாட்டின் வலது பக்கத்தை.

அப்படியானால் அபடைட்டும் வாயுவும் இருக்க வேண்டும். இரண்டையும் தேடினேன்.

அபடைட் ஏமாற்றும் கனிமம். நிறம் இல்லை, குறுக்குப் போலராய்டில் மங்கிய சாம்பல், சின்ன மணி. என்ஸ்டடைட்டின் ஓரத் துணுக்கு என்று நினைத்துப் பலமுறை தாண்டிப் போயிருப்பேன். அதனால் பழைய வேதிச் சோதனை ஒன்றைச் செய்தேன். அம்மோனியம் மாலிப்டேட்டை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, வெட்டி மீந்த பலகையின் வழவழப்பான முகத்தில் விட்டு, லேசாகச் சூடு காட்டினால் பாஸ்பேட் உள்ள இடத்தில் மஞ்சள் படியும். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு வெளியே திறந்த இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். சீவலின் மேல் செய்யவே கூடாது, அமிலம் ஆலிவினையும் அரிக்கும். ‘அ’வின் துண்டையும் பக்கத்திலேயே வைத்து அதே நேரம் அதே சொட்டு விட்டேன். பத்து நிமிடத்தில் ‘ஆ’வில் கடுகில் பாதி அளவு மஞ்சள் புள்ளிகள், எண்ணிப் பார்த்தால் ஏழு. ‘அ’வில் ஒன்றும் இல்லை. ஏழில் ஐந்து டயாப்சைடை ஒட்டியே இருந்தன. அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு சீவலுக்குத் திரும்பியபோது, அதே மாதிரி இடங்களில் அறுகோண வடிவில் இரண்டு சாம்பல் மணிகள் அகப்பட்டன.

வாயுவுக்கு வேறு மாதிரி சீவல் வேண்டும். 0.03 மில்லிமீட்டரில் குமிழிகள் அறுபட்டுப் போய்விடும். 0.12 மில்லிமீட்டர் கனத்தில், இரண்டு முகமும் வைரப் பசையில் மூன்று மைக்ரான், பிறகு ஒரு மைக்ரான் என்று பளபளவென்று தேய்த்தேன். ஒட்டுவதற்கு எப்பாக்சிக்குப் பதில் உடனடிப் பசை, அதை அசிட்டோனில் கரைத்துச் சீவலைத் தனியாக எடுத்துவிடலாம். ஆலிவின் மணிகளுக்குள் குமிழிகள் வரிசை வரிசையாக, எறும்புச் சாரி போல ஓடின. பழைய விரிசல் ஒன்று வாயுவைப் பிடித்துவைத்துக்கொண்டு மூடிய தடம் அது.

ஆகஸ்ட் மாதம், இங்கே குளிர்காலம். கேரேஜில் 11 டிகிரி. நாற்பது மடங்கு வில்லையில் ஒரு குமிழிக்குள் இன்னொரு குமிழி தெரிந்தது. வெளிக்கூட்டுக்குள் தெளிந்த திரவம், அதில் மிதக்கும் ஒரு வாயுப் பந்து. சீவலின் மேல் வெப்பமானியின் கம்பியை ஒட்டிவைத்துவிட்டு, தள்ளி நின்று தலைமுடி உலர்த்தியை வீசினேன். மகளைக் கூப்பிட்டு வில்லையில் கண் வைக்கச் சொன்னேன்.

“கண்ணு, உள்ள இருக்கிற பந்து என்ன ஆகுதுன்னு சொல்லு.”

“சின்னதாகுதுப்பா... ஆடுது... இன்னும் சின்னது... அப்பா, காணோம்!”

வெப்பமானி 25 காட்டியது. உலர்த்தியை நிறுத்தினேன். அரை நிமிடம் கழித்து, “வந்துடுச்சு, திடீர்னு வந்துடுச்சுப்பா” என்றாள். நான்கு தடவை திருப்பித் திருப்பிச் செய்தோம். ஒவ்வொரு தடவையும் 24-க்கும் 26-க்கும் நடுவில் மறைந்தது.

நீராக இருந்தால் இந்தச் சூட்டுக்கு அசைந்தே கொடுத்திருக்காது. கார்பன் டை ஆக்சைடு 31.1 டிகிரிக்குக் கீழே திரவமும் வாயுவுமாகச் சேர்ந்திருக்க முடியும், அதற்கு மேல் முடியாது. எட்வின் ரோடர் 1965-லேயே உலகின் பல இடத்து ஆலிவின் கற்களில் இந்தத் திரவக் கார்பன் டை ஆக்சைடைக் காட்டினார். புல்லன்மெர்ரி கற்களின் குமிழிகளைப் பற்றியும் 1984-ல் தனி ஆய்வு வந்திருக்கிறது.

25 டிகிரியில் திரவமாக ஒன்றுசேரும் கார்பன் டை ஆக்சைடின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.71 கிராம். 40 கிலோமீட்டர் ஆழத்து அழுத்தம் ஏறத்தாழ 11,000 வளிமண்டலம். அந்த அழுத்தத்தில் மாட்டிய வாயு ஒரு கிராமுக்கும் மேல் அடர்த்தியாக இருந்திருக்க வேண்டும். ஆக நாங்கள் பார்த்த குமிழி ஒன்று பிந்தி மாட்டியது, இல்லை மேலே வரும் வழியில் உள்ளழுத்தம் தாங்காமல் பிளந்து பாதியை இழந்தது. அதன் நான்கு மூலையிலும் மயிரிழை விரிசல் தெரிவதால், பிளந்தது என்றே எடுத்துக்கொள்கிறேன். அதே மணியில் மிகச் சின்னக் குமிழிகள் 11 டிகிரியிலும் உள்பந்து இல்லாமல், திரவம் மட்டுமாக நிற்கின்றன. அவை கூடுதல் அடர்த்தி, கசியாமல் தப்பியவை. உறைபெட்டியில் வைத்து எடுத்துப் பந்து தோன்றுகிறதா என்று பார்க்க முயன்றேன். வெளியே எடுத்த நொடியில் சீவலின் மேல் பனி படிந்து ஒன்றுமே தெரியவில்லை. உலர்ந்த நைட்ரஜன் ஓடும் குளிர்மேடை இல்லாமல் அது ஆகாது.

கடைசியாக ‘ஆ’விலும் ஐநூறு புள்ளிகள். ஆலிவின் 69 சதவீதம், டயாப்சைடு 17, ஆம்பிபோல் 7, என்ஸ்டடைட் 6, ஸ்பினெலும் அபடைட்டும் ஆளுக்கு அரை. இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு மாலை கணக்குப் போட்டேன். ‘ஆ’வும் ஆரம்பத்தில் ‘அ’ மாதிரியே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் வேறு வேறு எரிமலையிலிருந்து வந்தவை, அதனால் இது துணிந்து வைக்கிற அனுமானம்தான். 22 என்ஸ்டடைட்டில் 16 அந்தச் சமன்பாட்டின்படி போயிருந்தால், கனஅளவில் சுமார் 11 பங்கு ஆலிவினும் 8 பங்கு டயாப்சைடும் கூட வேண்டும். மொத்தத்தை நூறாக்கினால் ஆலிவின் 71, டயாப்சைடு 20, என்ஸ்டடைட் 6, ஸ்பினெல் 3. எண்ணியதோடு பக்கத்தில் வைத்தால், ஆலிவினில் 2, டயாப்சைடில் 3, ஸ்பினெலில் இரண்டரை குறைகிறது. கூட்டினால் ஏழரை. அதுதான் ஆம்பிபோலாகவும் அபடைட்டாகவும் நிற்கிற ஏழரை. ஐநூறு புள்ளியில் இரண்டு மூன்று சதவீதப் பிசகு சாதாரணம், ஒரு சீவல் ஒரு கல்லுக்குச் சாட்சி ஆகாது, இவ்வளவு கச்சிதத்தில் தற்செயலும் இருக்கும். ஸ்பினெலைச் சுற்றி நான் பார்த்த வளையத்தோடு கணக்கு ஒரே திசையில் போகிறது என்ற அளவில் எடுத்துக்கொள்கிறேன்.

வாயுவுக்கும் கணக்கு உண்டு. ‘ஆ’வின் கனஅளவு 109 கன சென்டிமீட்டர். அதில் 16 சதவீதம் என்ஸ்டடைட் என்றால் சுமார் 56 கிராம். அவ்வளவும் கார்பனடைட்டோடு வினைபுரிந்திருந்தால் வெளிவந்த கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 12 கிராம். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஆறரை லிட்டர். கைக்குள் அடங்கும் ஒரு கல்லிலிருந்து ஒரு பெரிய பலூனை நிறைக்கிற வாயு. அதில் பெரும்பகுதி எரிமலைக்கு முன்போ எரிமலையோடோ போய்விட்டது. மிச்சத்தில் ஒரு துளியைத்தான் மகள் உலர்த்திக் காற்றில் மறையவைத்தாள்.

குமிழிச் சாரிகள் குடையப்பட்ட என்ஸ்டடைட்டின் ஓரத்திலிருந்தே கிளம்புகின்றனவா என்பதைப் பார்க்க, அந்த மணியைக் குறுக்கே வெட்டும்படி இன்னொரு தடித்த சீவல் வேண்டும். பலகையில் பென்சிலால் கோடு போட்டுவிட்டேன். எப்பாக்சி ஒரு தடவை கூடுதலாக ஊட்டி, இரண்டு நாள் காயவிட்டு, அடுத்த சனிக்கிழமை ரம்பத்தில் வைக்கிறேன்.